சும்மா இருக்கும் குழு

என் மனைவியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது அவள் என்னை மொட்டைமாடிக்கு விரட்டிக்கொண்டிருந்தாள்.

"தொட்டி வழியற சத்தம் கேக்குது. போய்ப் பாத்துட்டு வாங்க."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உங்களுக்கு என்னிக்குக் கேட்டுச்சு? போங்க."

போனேன். தொட்டி வழியவில்லை. பாதிதான் இருந்தது. வால்வும் ஒழுங்காக இருந்தது. ஒன்றும் புரியாமல் இறங்கி வந்து, "வழியலையே, பாதிதான் இருக்கு" என்றேன். அவள் தலையணையில் சாய்ந்தபடி கண்ணை மூடியிருந்தாள். பதில் சொல்லவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நான் சொன்னதற்கு அவள் பதில் சொல்லாமல் விட்டது அந்த ஒரு தடவைதான். அதனால் எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

இதயம் கொஞ்ச நாளாகவே பலவீனமாக இருந்தது என்று டாக்டர் சொன்னார். வழியாத தொட்டியைப் பார்க்க என்னை ஏன் அனுப்பினாள் என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் இன்றுவரை தெரியவில்லை. ஆனால் என்னைப் படி ஏற்றும் பழக்கம் அவளுக்கு எப்படி வந்தது என்று தெரியும். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் குழாய் வேலைக்காரன். படிப்பு என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. தொழிலைப் பார்த்துப் பழகினேன், எழுத்தைப் பழைய பத்திரிகைகளிலிருந்து பழகினேன். வாழ்நாள் முழுக்க ஊரார் வீட்டு மாடிகளை ஏறி இறங்கியவன். அதனால் தொழிலை விட்ட அன்று காலையில், வீட்டுக் கூடத்தின் நடுவில் நின்று ஒரு தீர்மானம் அறிவித்தேன்.

"இனிமே இந்தக் கால் ஒரு படிகூட ஏறாது."

தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. "நாம இருக்கறது தரைத்தளம். உங்களை யார் ஏறச் சொன்னா?"

"பொதுவாச் சொன்னேன்."

"வாசல்ல ரெண்டு படி இருக்கே?"

"அது கணக்குல வராது."

"அப்ப வெளிய போவீங்க?"

"அதை இன்னும் முடிவு பண்ணல."

முடிவு பண்ணும் வரைக்கும் உட்கார்ந்திருக்கலாம் என்று நாற்காலியில் உட்கார்ந்தேன். அது என் அண்ணனுடைய நாற்காலி. அண்ணனும் குழாய் வேலைதான். தொழிலை விட்டதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நன்றாக உட்கார்ந்தார். ஒரு நாள் அண்ணி டீயோடு வந்து கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. அதற்கப்புறம் அண்ணிக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, எங்களிடம் கொடுத்துவிட்டாள். அருமையான நாற்காலி. முதுகுப் பள்ளம் என் உடம்புக்கென்றே குழிந்த மாதிரி இருக்கும். அண்ணனுக்கும் எனக்கும் ஒரே உடல்வாகு. என் மனைவியை உறுத்தியது அதுதான்.

அவள்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் என் கையில் பட்டையைக் கட்டி, காற்றடித்து, முகத்தைச் சுளித்தார்.

"அழுத்தம் ஜாஸ்தி. ரத்தக்குழாயெல்லாம் இறுகிப்போயிருக்கு."

"இறுகினா நல்லதுதானே டாக்டர்? கசியாது."

டாக்டர் என் மனைவியைப் பார்த்தார். அவள், "இவருக்கு ரத்தத்துல அழுத்தம், எனக்கு மனசுல" என்றாள். பிறகு அண்ணன் கதையைச் சொன்னாள். நாற்காலியையும் விடாமல் சொன்னாள்.

"உங்க அண்ணனுக்கு என்ன வயசு அப்ப?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"அடுத்த வருஷம் எனக்கு வரப்போற வயசு."

"அப்ப இந்த வருஷமே நடக்க ஆரம்பிங்க" என்றவர், ஏதோ யோசித்து, எங்களைப் பின்கட்டிடத்துக்கு அனுப்பினார். அங்கே வயதும் உடற்பயிற்சியும் ரத்தக்குழாயை என்ன செய்கின்றன என்று ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. வயதான கணவன் மனைவியாக வந்தால் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்வார்களாம்.

எங்களைச் சேர்த்துக்கொண்டது ஒரு சின்னப் பெண். வெள்ளைக் கோட்டு. கோட்டுப் பையில் நாலு பேனா. எனக்கு அவள் ஆராய்ச்சியம்மா. என்னைப் படுக்கச் சொல்லி, முன்கையில் ஒரு பட்டையைக் கட்டினாள். மேல்கையில் ஜில்லென்று எதையோ தடவி ஒரு கருவியை வைத்தாள். பக்கத்தில் திரை. திரையில் சாம்பல் நிறத்தில் ரெண்டு கோடு.

"ஐயா, இந்தப் பட்டையை இறுக்கினா முன்கைக்கு ரத்தம் போறது கொஞ்ச நேரம் நிக்கும். அப்புறம் சட்டுனு விட்டுடுவோம். ரத்தம் வேகமாப் பாயும். அப்ப மேல்கையில இருக்கற குழாய் எவ்வளவு விரியுதுன்னு பாப்போம்."

"குழாய் விரியாதும்மா."

"விரியும் ஐயா."

"தொழில் தெரிஞ்சவன் சொல்றேன். குழாய் துருப்பிடிக்கும். அடைச்சுக்கும். வெடிக்கும். விரியவே விரியாது."

"அது இரும்புக் குழாய். இது உயிருள்ள குழாய். உள்பக்கம் மெல்லிசா ஒரு படலம் இருக்கு. ரத்தம் உரசிக்கிட்டு வேகமா ஓடினா அதுக்குத் தெரியும். தெரிஞ்சதும் அது ஒண்ணைச் சுரக்கும். உடனே சுவர் இளகிக் கொடுக்கும். வயசாக ஆக இந்த இளக்கம் குறையும். நடந்தா திரும்ப வரும். இதுதான் விஷயம்."

எனக்குத் தலை சுற்றியது. தண்ணீர் வருவது குழாய்க்குத் தெரியுமாம். தெரிந்ததும் நகர்ந்து வழி விடுமாம். அப்படி ஒரு குழாய் இருந்திருந்தால் என் தொழிலே நடந்திருக்காது.

அந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் மனைவி மெதுவாகச் சொன்னாள். "அப்ப அது பைப் இல்ல கண்ணு. வாஷர்."

"வாஷரா?"

"குழாய்க்குள்ள ரப்பர்ல வட்டமா இருக்குமே. புதுசு அமுக்கினா அமுங்கும், விட்டா விரியும். பழசு கல்லு மாதிரி கெடக்கும். இவர் பையில ரெண்டும் இருக்கு."

"கிட்டத்தட்ட அதேதான் அம்மா" என்றாள் ஆராய்ச்சியம்மா, ஒரு பேனாவை எடுத்துக்கொண்டே.

எனக்குக் கோபம். வாஷர் என் தொழில். அவளுடைய தொழில் பொத்தான்.

பட்டையை இறுக்கினார்கள். கை மரத்தது. விட்டார்கள். திரையில் இருந்த ரெண்டு கோடும் இருந்த இடத்தில் இருந்தன. "லேசா அசைஞ்சிருக்கு" என்றாள் ஆராய்ச்சியம்மா, என் மனம் நோகாமல். அடுத்து என் மனைவி படுத்தாள். அவளுக்கும் லேசாகத்தான் அசைந்தது. என்னைவிட ஒரு மயிரிழை கம்மி.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. "வாழ்க்கை பூரா ஓடி ஓடி என்னத்தைக் கண்ட? நாற்காலியில உக்காந்த எனக்கும் அதே, ஓடின உனக்கும் அதே."

"அம்மா நிறைய வேலை செய்வீங்களா?" என்று ஆராய்ச்சியம்மா கேட்டாள்.

"நின்ன இடத்துல நின்னதில்ல கண்ணு."

"அதுதான் எங்களுக்கும் புரியாத விஷயம். பெண்களுக்கு மாதவிடாய் நின்னப்புறம் இந்தப் படலம் சீக்கிரம் மங்கிடுது. நடந்தாலும், ஆண்களுக்குத் திரும்பற மாதிரி அவங்களுக்குத் திரும்பறது அவ்வளவாத் தெரியல. ஏன்னு தேடிக்கிட்டு இருக்கோம்."

"அப்ப நடந்தா எனக்குப் பலன் இல்ல?"

"இந்த ஒரு விஷயத்துலதாம்மா. மத்தபடி நடக்கறது எல்லாருக்கும் நல்லது."

"இவருக்கு இந்த விஷயத்துலயும் பலன் இருக்கும்?"

"இருக்கணும்."

"போதும்" என்றாள் என் மனைவி. எது போதும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அப்போது மேல்கையிலிருந்த பசையைத் துடைப்பதில் மும்முரமாக இருந்துவிட்டேன்.

இனி குழு பிரிப்பார்களாம். ரெண்டு குழு. ஒன்று தினமும் நடந்து, படி ஏறி இறங்க வேண்டிய குழு. மற்றது வழக்கம்போல இருக்க வேண்டிய குழு. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இந்த ரெண்டாவது குழுவைப் பற்றிக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சும்மா இருப்பதற்கு ஒரு குழுவா? அதற்கு மருத்துவ அங்கீகாரமா? என் மனம் முழுக்க அந்தப் பதவிக்கு ஏங்கியது.

யார் எதில் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. நான் நடக்கும் குழு. அவள் சும்மா இருக்கும் குழு.

"மாத்திப் போட்டுடுச்சு" என்றேன்.

"கம்ப்யூட்டர் மாத்தாது ஐயா."

"எங்க வீட்டுக்கு வந்து பாத்திருந்தா மாத்தியிருக்கும்."

தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தாள். இடுப்பில் மாட்டிக்கொண்டால் நடக்கும் அடிகளை அது எண்ணி வைத்துக்கொள்ளும். மூன்று மாதம் கழித்து அவர்கள் திறந்து பார்ப்பார்கள்.

வீடு திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. யோசனை வரும்போதெல்லாம் எனக்குக் காது சூடாகும். அன்றைக்கு நன்றாகவே சூடானது.

"ஏம்மா, நீ எப்படியும் வீடு பூரா சுத்திக்கிட்டுதானே இருப்ப?"

"ஆமா."

"இந்தப் பெட்டி காலடியைத்தான் எண்ணும். யார் காலுன்னு அதுக்குத் தெரியாது."

"தெரியாது."

"அப்ப இதை நீ மாட்டிக்கிட்டா..."

"குடுங்க."

கையை நீட்டி வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். ஒரு ஆட்சேபம் இல்லை. ஒரு பெருமூச்சு இல்லை. கடைக்குப் பையை மடித்து எடுத்துப் போக வேண்டுமா, மடிக்காமலா என்பதற்கே அரைமணி நேரம் வாதாடுகிறவள். சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது பெருமிதம். கடைசியில் என் பேச்சில் ஒரு கனம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் நாற்காலியிலிருந்தபடியே கேட்டேன். "பெட்டி எங்க?"

"பத்திரமாக் கட்டியிருக்கேன்."

"எண்ணுதா?"

"எண்ண ஆரம்பிச்சுடும்."

"ஆனா ஒரு சந்தேகம். நீ சும்மா இருக்கற குழுவாச்சே. எனக்காக நீ நடந்தா உன் கணக்கு கெட்டுடாதா?"

"அதை நான் பாத்துக்கறேன். நீங்க சும்மா இருங்க."

சும்மா இருங்க என்றுதான் சொன்னாள். என் காதால் கேட்டேன்.

அந்த வாரம்தான் மூன்றாவது மாடியிலிருந்து தந்தியம்மா இறங்கி வந்தார். தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு சொல்லுக்கு இவ்வளவு காசு என்று வாழ்நாளெல்லாம் எண்ணி வாங்கியதாலோ என்னவோ, சொந்த வாயிலிருந்தும் சொல்லை வீணாக்க மாட்டார்.

"அண்ணே. குழாய். ஒழுகுது. வாங்க."

"நான் தொழிலை விட்டுட்டேம்மா."

"ஒழுகறது. விடல."

உள்ளேயிருந்து என் மனைவி, "நான் போய்ப் பாக்கலாம். ஆனா என்னைச் சும்மா இருக்கச் சொல்லி உத்தரவு" என்றாள்.

"அடுத்த தெரு ஆளைக் கூப்பிடச் சொல்லு."

"சொல்லலாம். அவன் வாஷர் வைக்கற இடத்துல நூலைச் சுத்தி வச்சுட்டுப் போவான். போன மாசம் பால்காரர் வீட்டுல அப்படித்தான் வச்சானாம். உங்ககிட்ட தொழில் கத்துக்கிட்டேன்னு வேற சொல்லிக்கிறானாம்."

அடுத்த நிமிஷம் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியில் இருந்தேன். எங்கள் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. இரண்டாவது மாடியில் நின்றேன். சுவரைப் பிடித்தேன். மூச்சு எங்கேயோ முதல் மாடியில் தங்கிவிட்டது. அது வந்து சேரட்டும் என்று காத்திருந்து, பிறகு ஏறினேன். தந்தியம்மா வீட்டு வாஷர் கல்லாக இறுகியிருந்தது. கடைத்தெருவில் புதிதாக ஒன்று வாங்கி வந்து மாட்டினேன்.

இரண்டு நாள் ஆனது.

"அண்ணே. மறுபடியும்."

ஏறினேன். திறந்து பார்த்தேன். உள்ளே கல் மாதிரி ஒரு வாஷர். என் கையால் மாட்டிய புது வாஷர், இரண்டு நாளில் கிழடாகியிருந்தது. என் தொழிலில் இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. அதை எடுத்துக்கொண்டு கடைத்தெருவின் கடைசிக்கே நடந்தேன், சண்டை போட. கடைக்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இது நான் வித்தது இல்லண்ணே. இது எங்க அப்பா வித்தது."

"இரண்டு நாள் முன்னாடி உங்ககிட்டதான் வாங்கினேன்."

"அண்ணே, உங்களுக்கு அழுத்தம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். வெயில்ல நடக்காதீங்க."

அவரிடம் வாங்குவதை நிறுத்திவிட்டு, பஸ் நிலையத்துக்கு அப்பால் இருக்கும் கடைக்கு நடந்தேன். அந்த வாஷரும் கிழடானது. அப்புறம் மொட்டைமாடித் தொட்டியின் வால்வு சொட்ட ஆரம்பித்தது. அதைச் சரி செய்து இறங்கி வந்தால் தந்தியம்மா சமையலறைக் குழாய். அதைச் சரி செய்தால் குளியலறை. அதைச் சரி செய்தால் மறுபடி தொட்டி. நாற்காலியில் உட்கார்ந்து முதுகைச் சாய்ப்பேன். "என்னங்க, மேல ஏதோ சொட்டற மாதிரி இல்ல?" என்பாள். நான் ஏறுவேன். சொட்டிக்கொண்டுதான் இருக்கும். தரைத்தளத்தில் தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவில் மொட்டைமாடிச் சொட்டு அவளுக்கு எப்படிக் கேட்டது என்று நான் யோசிக்கவில்லை. அவளுக்குக் காது கூர்மை என்று வியந்தேன்.

நான் ஒரு கொள்கை வகுத்தேன். "தண்ணியில ஏதோ கோளாறு. அது ரப்பரைத் தின்னுது."

"இருக்கும்ங்க."

"இல்லேன்னா வெயில்."

"அதுவும் இருக்கும்."

"நீ என்ன நினைக்கற?"

"எனக்கு வாஷரைப் பத்தி என்னங்க தெரியும்?"

ஒத்துக்கொள்கிறாளே என்று அதற்கும் சந்தோஷப்பட்டேன்.

இதற்கிடையில் அவள் தந்தியம்மா வீட்டு ஜன்னல்களுக்குத் திரை தைப்பதாக இருந்தாள். அதற்கு அளவெடுக்க அடிக்கடி மேலே போவாள். நான் நாற்காலியில் கண்ணயரும் நேரமாகப் பார்த்துப் போவாள். தூக்கத்தைக் கெடுக்கக் கூடாதென்று நினைக்கிறாள் என்று நெகிழ்ந்தேன். ஒரு தடவை மட்டும், "சும்மா இருக்கற குழு மாடி ஏறலாமா?" என்று கேட்டேன்.

"நான் வழக்கமாப் போறதுதானே. வழக்கம்போல இருக்கணும்னுதானே சொன்னாங்க?"

பதில் சரியாகத்தான் இருந்தது. அவளுடைய பதில்கள் எல்லாமே சரியாகத்தான் இருக்கும். அதுதான் அவற்றில் உள்ள சிக்கல்.

ஒரு நாள் தந்தியம்மா கதவைத் திறந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அண்ணே. வாங்கல."

"எதை வாங்கல? வாஷரா? கையிலதான் இருக்கு."

"மூச்சு."

நின்று யோசித்தேன். ஆமாம். வாங்கவில்லை. இரண்டாவது மாடியில் நிற்கவும் இல்லை. எனக்குக் குழப்பமாக இருந்தது. ஏதாவது நோயின் அறிகுறியாக இருக்குமோ என்று பயந்து, அன்று முழுக்க நாடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் முடிந்து பரிசோதனைக்குக் கிளம்பினோம். அவள் என் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்கு எதுக்கு இது?"

"வர்ற வழியில தந்தியம்மா வீட்டைப் பாக்கணும். மறுபடியும் ஒழுகுதாம்."

படுத்தேன். பட்டை. பசை. இறுக்கினார்கள். விட்டார்கள். திரையில் ரெண்டு கோடும் கண்ணெதிரே விலகின. கதவு திறக்கிற மாதிரி மெதுவாக, அகலமாக.

"ஐயா" என்று ஆராய்ச்சியம்மா எழுந்தே விட்டாள். "நல்லா விரிஞ்சிருக்கு. எங்க குழுவுல இவ்வளவு யாருக்கும் வரல. அழுத்தமும் இறங்கியிருக்கு. எப்படி நடந்தீங்க?"

எனக்கு வியர்த்தது. நான் நடக்கவில்லை. அவள் நடந்தாள். அவள் நடந்ததற்கு என் குழாய் ஏன் விரிகிறது? கணவனும் மனைவியும் ஓருடல் என்பார்கள். ஆனால் அது குழாய் வரைக்குமா? இது மட்டும் வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். ஊரில் இருக்கும் கணவன்மார் எல்லாரும் பெண்டாட்டியை நடக்க அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மருத்துவ உலகமே என்னால் தடம் புரளும். அந்தப் பெண்ணின் நாலு பேனாவையும் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

"அம்மா, உண்மையைச் சொல்லிடறேன். நான் நடக்கல. நாற்காலியிலதான் இருந்தேன். பெட்டியை இவகிட்ட குடுத்துட்டேன். இவதான் எனக்குப் பதிலா நடந்தா."

ஆராய்ச்சியம்மாவின் முகம் வெளுத்தது. என் மனைவியைப் பார்த்தாள்.

என் மனைவி கைப்பையிலிருந்து சின்னக் கத்தரிக்கோலை எடுத்தாள். கருவிப் பையை மடியில் கவிழ்த்தாள். அடிப்பாகத்தில் ஒரு தையல். நேர்த்தியான தையல், என் கண்ணில் படாத தையல். அதை நாலு வெட்டு வெட்டிப் பிரித்தாள். பெட்டி மேஜைமேல் விழுந்தது.

"பைக்கு அடியில வச்சுத் தச்சுட்டேன் கண்ணு. இந்தப் பை இல்லாம இவர் படி ஏற மாட்டார். இதுல இருக்கற கணக்கு பூரா இவர் காலுதான்."

நான் பையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். "பத்திரமாக் கட்டியிருக்கேன்னு சொன்னியே?"

"உங்க தலையில கட்டினேன். அதைவிடப் பத்திரம் ஏது?"

ஆராய்ச்சியம்மா பெட்டியைக் கணினியில் செருகிப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு பொறுப்போடு முகத்தை மாற்றிக்கொண்டு என் மனைவியைப் படுக்க வைத்தாள். திரையில் ரெண்டு கோடும் லேசாக அசைந்தன. முன்பு போலவே.

"அம்மா, நீங்க சும்மாதானே இருந்தீங்க?"

"சும்மாதான் இருந்தேன் கண்ணு."

"சரியா இருக்கு. சும்மா இருந்தவங்களுக்கு மாற்றம் வராது" என்று எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும், இப்படி ஏமாற்றப்பட்ட மனிதன் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்யப் போனேன். உட்காரப் போனேன்.

"நாற்காலி எங்க?"

"பழைய சாமான்காரருக்குப் போட்டுட்டேன்."

"எப்ப?"

"போன வாரம். நீங்க உக்காந்தாத்தானே தெரியும்."

அதற்கப்புறம் பல வருடம் நன்றாகப் போனது. அண்ணன் போன வயதைத் தாண்டினேன். வாஷர்களும் அந்தப் பரிசோதனையோடு ஒழுங்காகிவிட்டன. தண்ணீர் இலாகாவில் எதையோ சரி செய்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நான் பாட்டுக்கு ஏறப் பழகிவிட்டிருந்தேன். எப்போதாவது நான் அசந்து உட்கார்ந்தால் மட்டும், "மேல சத்தம் கேக்குது" என்பாள். அந்தக் கடைசி நாள் வரைக்கும்.

அவள் போன பிறகு ஒரு காலையில் என் சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்தது. அவளுடைய பொத்தான் டப்பா தையல் மெஷின் இழுப்பறையில் இருக்கும். எடுத்துக் குலுக்கினேன். பொத்தான் சத்தம் வரவில்லை. திறந்தேன். உள்ளே வாஷர்கள். டப்பா நிறைய. எல்லாம் நான் வாங்கியவை. கடைத்தெருக் கடைசிக் கடையில் வாங்கியவை கறுப்பு. பஸ் நிலையத்துக்கு அப்பால் வாங்கியவை சிவப்பு. நானே பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது எனக்குத் தெரியாதா?

டப்பாவோடு மூன்றாவது மாடிக்கு ஏறினேன். தந்தியம்மாவின் ஜன்னல்களில் வெயில் நேராக அடித்துக்கொண்டிருந்தது. ஒரு ஜன்னலிலும் திரை இல்லை. இத்தனை வருடம் அந்த வீட்டுக்குள் போய் வந்த எனக்கு அன்றைக்குத்தான் அது கண்ணில் பட்டது.

"இது என்னம்மா?"

"வாஷர்."

"அது தெரியுது. இவ டப்பாவுக்குள்ள எப்படி வந்துச்சு?"

தந்தியம்மா டப்பாவைக் கையில் வாங்கினார். "கழட்டுவாங்க. உங்க பையில இருந்த பழசை மாட்டுவாங்க. கீழ வருவாங்க. உங்களை அனுப்புவாங்க."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

"மொட்டைமாடிக்குமா?"

"அங்கயும். மூச்சு வாங்கும். அந்த ஸ்டூல்ல உக்காந்துட்டுப் போவாங்க." சமையலறை வாசலில் இருந்த ஸ்டூலைக் காட்டினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொல்லாதேன்னாங்க."

"இப்பதான் அவ இல்லையே."

"இப்பதானே கேட்டீங்க."

கட்டடத்தில் எல்லாக் குழாயும் கசிந்தது. விஷயம் மட்டும் கசியவில்லை. என் மனைவி அழுத்தக்காரி.

இறங்கும்போது பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். நான் ஒரு தடவை ஏறியிருந்தால், அதற்கு முன்னால் அவள் ஒரு தடவை ஏறியிருக்க வேண்டும். அதே படிகள். என் குழாய் விரிந்தது. அவளுடையது அசையவில்லை. சும்மா இருந்தவங்களுக்கு மாற்றம் வராது என்று அந்தப் பெண் எழுதிக்கொண்டாள், இவளும் தலையை ஆட்டினாள். தனக்குப் பலன் இருக்காது என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டுதான் ஏறியிருக்கிறாள். ஏன் அவளுக்கு மட்டும் விரியவில்லை என்று எனக்குப் புரியவில்லை. தேடிக்கொண்டிருக்கிறோம் என்று ஆராய்ச்சியம்மா சொன்னாள். இன்னும் தேடுகிறார்களா என்று தெரியவில்லை.

எங்கள் ரெண்டு பேரில் சும்மா இருக்கும் குழு என்று யாருமே இருக்கவில்லை. அந்தக் குழுவில் இருந்தது டப்பாவில் கிடந்த வாஷர்கள்தான்.

வீட்டுக்கு வந்து சட்டையை ஊக்கால் குத்திக்கொண்டேன். வாஷர்கள் ஒவ்வொன்றும் ரெண்டு நாள் கூட வேலை செய்யாதவை. ஒரு கறுப்பை எடுத்து விரலால் அமுக்கினேன். அமுங்கவில்லை. சிவப்பை அமுக்கினேன். எல்லாவற்றையும் மேஜைமேல் கொட்டி ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன்.

எல்லாம் இறுகிவிட்டன.